வெளியூர்ச் சாப்பாடும் ஒவ்வாமையும்



நிலக்கடலை, முட்டை, பால், மீன், இறால், முந்திரி எல்லாம் சத்துள்ளவைதான். ஆனால் சிலருடைய உடம்பு இவற்றில் ஒன்றை விஷம்போல எதிர்க்கும். இதுவே ஒவ்வாமை, பேச்சில் 'அலர்ஜி' என்கிறோம். சாப்பிட்ட சில நிமிடங்களிலோ, இரண்டு மணி நேரத்துக்குள்ளோ காணாக்கடி போன்ற தடிப்பு, அரிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி வரலாம். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் உயிருக்கே ஆபத்து.

வீட்டுக் குழம்பில் என்ன சேர்த்தோம் என்பது நமக்குத் தெரியும். பஸ் ஏறிப் போன ஊரில் தெரியுமா? சில ஓட்டல்களில் சட்னிக்கு நிலக்கடலை அரைப்பார்கள். குருமாவில் முந்திரி சேரும். திண்டுக்கல் பிரியாணியில் தயிரும், பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய்யும் உண்டு. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டும். இறால் பொரித்த எண்ணெயில் போட்ட பஜ்ஜியும் இறால் ஆகாதவருக்கு ஆகாது.

சிங்கப்பூர், மலேசியாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே தாய்லாந்துச் சாப்பாட்டையும் காண்பார்கள். 'பாட் தாய்' என்ற நூடுல்ஸில் நிலக்கடலை, முட்டை, பல சமயம் காய்ந்த இறாலும் இருக்கும். காய்கறிக் குழம்பு என்றாலும் அதில் இறால் விழுதும், உப்புக்காக மீன் சாறும் சேர்வது வழக்கம். ஆகவே பதார்த்தத்தின் பெயரை நம்பாதீர்கள். உள்ளே சேர்ந்ததைக் கேளுங்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. இலையில் உட்காருமுன் கேளுங்கள். சமைத்தவரையே கேட்பது நல்லது.

2. சந்தேகம் இருந்தால் சாப்பிடாதீர்கள். கட்டுச்சோறு கைவசம் இருக்கட்டும்.

3. பாக்கெட் தின்பண்டம் என்றால் அட்டையைப் படியுங்கள். கடலை, பால், முட்டை, மீன் போன்றவை இருந்தால் அச்சிட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதி.

4. கணவருக்கு ஆகாதது மனைவிக்கும், மனைவிக்கு ஆகாதது கணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூச்சு முட்டும்போது நோயாளியால் பேச முடியாது. பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

விருந்து வீட்டில், "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்பார்கள். அந்த ஒரு வாயே போதும், ஆபத்து வர. புது மருமகள் வாய்திறக்கக் கூச்சப்படலாம். அங்கே கணவர் பேச வேண்டும்.

மூச்சுத்திணறலோ மயக்கமோ கண்டால் மந்திரித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்கார வைக்கலாம். நடக்க விடாதீர்கள்; தண்ணீர் புகட்டாதீர்கள். அரிப்பு மாத்திரை மூச்சைக் காக்காது. தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே முதல் மருந்து. ஊசி போட்டுச் சரியானாலும் மறுபடி வரக்கூடும். டாக்டர் சொல்லும்வரை ஆஸ்பத்திரியிலேயே இருங்கள்.

ஒருமுறை தடிப்பு வந்திருந்தால், அடுத்த பயணத்துக்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டி, ஆகாத உணவைச் சீட்டில் எழுதி வாங்கிப் பையில் வையுங்கள்.

கூச்சம் ஒரு நிமிடம். உயிர் ஒன்றே ஒன்று. கேட்டுச் சாப்பிடுங்கள்!