அடைக்கலமாக வந்த பூனைக்கு நீரிழிவு: உணவும் கண்காணிப்பும்

நெற்குதிரும் கடலை மூட்டையும் உள்ள வீடுகளில் பூனை வளர்ப்பது நம் உழவர் பெருமக்களுக்குப் புதிதன்று. எலிக்கென்று வைத்திருக்கும் பூனையைத் தவிர, வேறு வகையில் நம் வீடு வந்து சேரும் பூனைகளும் உண்டு. அண்டை வீட்டுப் பெரியவர் மகன் வேலை பார்க்கும் ஊருக்குக் குடிபெயர்கிறார் என்றால், அவர் வளர்த்த பூனை "கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற சொல்லோடு நம் திண்ணைக்கு வந்துவிடுகிறது. இப்படி வருவது பெரும்பாலும் நடுவயதைக் கடந்த பூனை. வேட்டையாடாமல் வீட்டுக்குள்ளேயே பாலும் சோறும் பிஸ்கட்டும் தின்று பருத்த பூனை. நீரிழிவு நோய் அதிகம் காணப்படுவது இத்தகைய பூனைகளில்தான். ஆண்மை நீக்கம் செய்யப்பட்ட கடுவன்களுக்கு இன்னும் கூடுதலாக வருகிறது.

"பூனைக்குச் சர்க்கரை நோயா?" என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். மனிதருக்கு வரும் நோய்தான் அதற்கும் வருகிறது. இது தொற்று நோயன்று. வீட்டிலுள்ள குழந்தைகளுக்கோ மற்றக் கால்நடைகளுக்கோ பரவாது. காலத்தில் கவனித்தால் ஊசியே தேவைப்படாத நிலைக்கும் ஒரு பகுதிப் பூனைகள் திரும்புவதுண்டு. கவனக்குறைவாகச் செய்யும் வைத்தியமோ, நோயைவிட விரைவாகக் கொன்றுவிடும். இதனை நான் பட்டே அறிந்தேன்; பின்னர் கூறுகிறேன்.

நோயை அறிவது எப்படி?

நோயுற்ற பூனை மிகுதியாகத் தண்ணீர் குடிக்கும், மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும், பசி கூடும், ஆயினும் உடல் இளைத்துக்கொண்டே வரும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கலாம். முடி மினுமினுப்பு இழந்து சிக்குப் பிடிக்கும். சில பூனைகள் பின்னங்கால்களின் குதி தரையில் படும்படி, முயல் உட்கார்ந்து நகர்வது போல நடக்கும். இது நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம். மூட்டு வலி என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்த வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கு எவரும் வீட்டிலேயே பார்க்கக் கூடியது. பூனையை ஓர் அறையில் வைத்து, 500 மில்லி லிட்டர் தண்ணீரை அளந்து வைத்து, மறுநாள் அதே நேரத்தில் எஞ்சியதை அளக்க வேண்டும். (முற்றத்தில் வைத்தால் கோழி குடித்த கணக்கும் பூனையின் பேரில் ஏறிவிடும்.) ஒரு நாளில் ஒரு கிலோ உடல் எடைக்கு 100 மில்லி லிட்டருக்கு மேல் குடிப்பது இயல்பன்று. 4 கிலோ பூனை 400 மில்லி லிட்டர் குடித்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவும். சிறுநீரகக் கோளாறிலும் தைராய்டு மிகுதியிலும்கூட இதே தாகம் ஏற்படுமாதலால் பரிசோதனையின்றி முடிவு செய்தல் கூடாது.

இங்கு ஒரு நுணுக்கம் உண்டு. நலமான பூனையின் இரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசி லிட்டருக்கு ஏறத்தாழ 80 முதல் 150 மில்லி கிராம் வரை இருக்கும். ஆனால் கூடையில் அடைத்துப் பேருந்தில் கொண்டு செல்லும் அச்சத்தினாலேயே அது 300-க்கு மேலும் ஏறிவிடக் கூடும். ஆகவே ஒரே ஒரு தடவை எடுத்த இரத்த அளவை வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. சிறுநீரிலும் சர்க்கரை உள்ளதா என மருத்துவர் பார்ப்பார். முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும் பிரக்டோசமின் என்ற பரிசோதனையும் உள்ளது. முன்பு அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை மறவாமல் சொல்ல வேண்டும். அம்மருந்தும் இந்நோயை வரவழைக்கும்.

சோறும் பாலும் ஏன் ஆகாது?

பூனை பிறப்பால் ஊனுண்ணி. வெளியில் திரியும் பூனைகள் இயற்கையில் உண்பவற்றைக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அவை பெறும் சக்தியில் 52 சதவிகிதம் புரதத்திலிருந்தும் 46 சதவிகிதம் கொழுப்பிலிருந்தும் கிடைக்கிறது. மாவுச்சத்தின் பங்கு வெறும் 2 சதவிகிதமே. எலியின் உடம்பில் சோறு ஏது? இனிப்புச் சுவையை உணரும் மரபணுவே பூனைக்குச் செயலற்றுப் போயிற்று என்பது 2005-இல் கண்டறியப்பட்டது. பிஸ்கட்டையும் பாலையும் அது நாடுவது கொழுப்பின் மணத்துக்காகத்தான்.

இப்படிப்பட்ட பிராணிக்கு மூன்று வேளையும் பால்சோறு வைத்து, நடமாட்டமும் இல்லாமல் போனால் உடல் பருக்கிறது. பருத்த உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து நாளடைவில் ஓய்ந்துவிடுகிறது. தொடர்ந்து உயர்ந்து நிற்கும் சர்க்கரையே கணையத்தை இன்னும் கெடுக்கிறது. நோய் கண்ட முதல் சில மாதங்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் கணையம் தேறிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பதற்குக் காரணம் இதுவே.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கடைமடைப் பகுதியில் ஒரு சிறு விவசாயி வீட்டுக்கு இப்படியொரு பூனை வந்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி மகளோடு சென்னைக்குப் போகும்போது, பூனையையும் இன்சுலின் புட்டியையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். காலையும் மாலையும் இரண்டு யூனிட் ஊசி. உணவோ பழைய பால்சோறுதான். விவசாயி என்னிடம் வந்து கேட்டபோது, "சோற்றை நிறுத்துங்கள், மீனும் கோழியும் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் சொன்னபடியே மறுநாளிலிருந்து வேகவைத்த மீனை மட்டும் கொடுத்தார். ஊசியின் அளவையும் சொன்னபடியே போட்டு வந்தார்.

மூன்றாம் நாள் மாலை பூனை தள்ளாடிச் சுவரில் முட்டியது. வாயில் எச்சில் வடிந்தது. பிறகு உடம்பு வெட்டி இழுக்கத் தொடங்கியது. அவருடைய மகள் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண். வெல்லத்தைக் கரைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் பூனையின் ஈறில் தேய்த்திருக்கிறாள். அவள் அப்படிச் செய்யாதிருந்தால் அது பிழைத்திருக்காது. மருத்துவரிடம் கொண்டு சேர்த்தபோதும் மீட்டர் 50-க்குக் கீழேதான் காட்டியது.

"ஐயா, நீங்கள் சொன்னதைத்தானே செய்தோம்?" என்று அவர் கேட்டார். உண்மைதான். மாவுச்சத்தை நிறுத்தினால் உடலின் இன்சுலின் தேவை ஓரிரு நாளிலேயே சரிந்துவிடும். உணவை மாற்றுமுன் ஊசியின் அளவைக் குறைக்க மருத்துவரைக் கேளுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு உணவை மாற்றுவதானால் முதலில் மருத்துவரிடம் ஊசியின் அளவைப் பேசி முடித்துக்கொண்டு, ஒரு வாரம் பத்து நாள் வைத்துச் சிறிது சிறிதாக மாற்றவும். அந்நாட்களில் சர்க்கரையை அளந்து பார்ப்பதும் தவறக் கூடாது.

எதைக் கொடுக்கலாம்?

4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கிலோ கலோரி போதும். தோல் நீக்கி வேகவைத்த கோழி இறைச்சி 120 கிராம் சுமாராக அதே அளவு சக்தி தரும். இதை இரண்டு பங்காக்கி ஊசி நேரத்தை ஒட்டிக் கொடுக்கலாம். மத்தி, ஜிலேபி போன்ற மலிவான மீன்கள், அவித்த முட்டை, கோழியின் இதயம் ஆகியவையும் ஏற்றவை. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலேயே கிடைத்தாக வேண்டும். குறைந்தால் கண் பார்வையும் இதயமும் கெடும். இதயத்தில் அது மிகுதி. வேகவைக்கும்போது நீரில் கரைந்துவிடுமாதலால் அந்நீரைக் கொட்டாமல் இறைச்சியோடு சேர்த்தே வைக்கவும்.

மீனைப் பச்சையாக வழக்கமாகக் கொடுத்தால், கெண்டை முதலிய சில வகைகள் தயமின் என்ற வைட்டமினை அழித்துவிடும். ஈரல் வாரத்தில் ஒருநாள் சிறு துண்டு போதும். நாள்தோறும் தின்றால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பு இறுகிப்போகும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. ஆகவே குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போடுவதும் கூடாது. எலும்பு நீக்கிய இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து போதாது. முட்டை ஓட்டுப் பொடி எவ்வளவு சேர்ப்பது என மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

கடையில் விற்கும் உலர் பூனை உணவில், அதைக் கெட்டியாக வார்ப்பதற்கே மாவுச்சத்து வேண்டியிருக்கிறது. டின்னில் வரும் ஈர உணவில் அது பொதுவாகக் குறைவு. வாங்கக் கூடியவர்கள் பின்னதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பருத்த பூனையாயின் எடையைக் குறைக்க வேண்டும். ஆனால் பட்டினி போடுதல் அறவே கூடாது. வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவிகிதம், அதாவது 5 கிலோ பூனைக்கு 50 கிராம் குறைந்தால் போதுமானது. கொழுத்த பூனை சில நாள் தொடர்ந்து உண்ணாமலிருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே கேடாகும்.

இன்னொன்று, பூனை நம் வீட்டில் மட்டும் சாப்பிடுவதில்லை. தெருவில் நான்கு வீடுகளுக்கு விவரத்தைச் சொல்லி வைத்தால்தான் நம் கணக்கு நிற்கும். வயலில் எலி மருந்து வைத்திருக்கும் நாட்களில் பூனையை வெளியே விடாதீர்கள். மருந்து தின்ற எலியைத் தின்று பூனையும் சாகும்.

ஊசி போடுவதில் எச்சரிக்கை

பூனைக்கான தொடக்க அளவு வேளைக்கு ஒரு யூனிட் போல மிகச் சிறியது. அதை மருத்துவர் மட்டுமே நிர்ணயிக்க வேண்டும். தாத்தாவின் இன்சுலின் வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துப் போட வேண்டாம். மனிதருக்கான சர்க்கரை மாத்திரையும் வேண்டாம். நம் நாட்டில் மில்லி லிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இருவகை இன்சுலின் விற்கப்படுகிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். புட்டியையும் சிரிஞ்சையும் ஒன்றாகக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளவும்.

பூனை சாப்பிடவில்லை, அல்லது வாந்தி எடுத்தது என்றால் வழக்கமான ஊசியைப் போடாமல் மருத்துவரைக் கேட்கவும். ஊசி போட்டோமா இல்லையா என்ற ஐயம் வந்தால் மறுபடி போடக் கூடாது. ஒரு வேளை தவறினால் பெரிய கெடுதல் இல்லை. இரு முறை போட்டால் உயிர் போகும். வீட்டில் இருவர் போடுவதானால் போட்டவர் உடனே நாட்காட்டியில் குறிப்பது நல்லது.

அளந்து எழுதுதல்

ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். நாள்தோறும் தண்ணீர் அளவு, உண்ட அளவு, ஊசி நேரம். வாரம் ஒருமுறை எடை. பூனையைப் பையில் இட்டுக் காய்கறித் தராசில் நிறுத்து, பையின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். தண்ணீர் குறைந்து எடை நிலைத்து வருமானால் மருத்துவம் பலிக்கிறது என்று பொருள்.

இரத்தச் சர்க்கரையை மனிதருக்கான குளுக்கோமீட்டரிலேயே பார்க்கலாம். காதை வெந்நீர்த் துணியால் ஒற்றிச் சூடாக்கி, ஓரத்தில் ஓடும் நரம்பருகே மெல்லக் குத்தினால் ஒரு சொட்டு வரும். முதலில் ஒருவர் மடியில் வைத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். குத்தியவுடன் ஒரு துண்டு கோழி கொடுத்துப் பழக்கினால் சில நாளில் தானே வந்து உட்காரும் பூனையும் உண்டு. மனிதர் மீட்டர் பூனை இரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும். ஆகையால் மீட்டரை மாற்றாமல் ஒன்றையே வைத்துக்கொண்டு, அது இன்னது என்று மருத்துவருக்கும் தெரிவிக்கவும். பெரும்பாலும் ஊசி போட்ட 4 முதல் 8 மணி நேரத்தில் சர்க்கரை மிகவும் தாழும். அந்த வேளையில் பார்ப்பதே பயன் தரும். ஒருநாள் எண்ணைக் கண்டு நீங்களே ஊசியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆனால் ஊசிக்கு முன் பார்த்த அளவு வழக்கத்தைவிட மிகத் தாழ்ந்திருந்தால் ஊசியை நிறுத்தி வைத்து மருத்துவரைக் கேட்கவும்.

அபாய நிலைகள் இரண்டு. சர்க்கரை 60-க்குக் கீழே தாழ்ந்தாலோ, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு கண்டாலோ, தேன் அல்லது கெட்டியான வெல்லக் கரைசலை ஈறில் தேய்த்து, தெளிந்ததும் உணவு கொடுத்து, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லவும். நினைவிழந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பு இருக்கும்போது பல்லிடையே விரலை விடாதீர்கள். இரண்டாவது நிலையில் பூனை உண்ணாது. வாந்தி, சோர்வு, வேகமான மூச்சு காணும். சிறுநீரைச் சோதிக்கும் பட்டையில் கீட்டோன் தெரிந்தால் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். வீட்டு வைத்தியத்துக்கு இதில் இடமே இல்லை.

ஊசி நின்ற பிறகு

நான் குறிப்பிட்ட பூனைக்கு ஊசியின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, நான்காம் மாதம் முற்றிலும் நின்றது. எல்லாப் பூனைக்கும் இவ்வாறு ஆகும் என்று சொல்வதற்கில்லை. நின்ற பிறகும் நோய் திரும்பலாம். ஆதலால் வார எடையையும், அவ்வப்போது தண்ணீர் அளவையும் அந்த வீட்டில் விடாமல் பார்த்து வந்தனர். அடுத்த பொங்கலுக்கு மூதாட்டி ஊருக்கு வந்து பூனையைத் திரும்பக் கேட்டபோது, விவசாயியின் மகள் பூனையோடு நோட்டையும் மீட்டரையும் கொடுத்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மருத்துவரின் தொலைபேசி எண்ணும், கொடுக்க வேண்டிய உணவும், "பால்சோறு வேண்டாம் பாட்டி" என்ற வரியும் எழுதியிருந்தன. உங்கள் வீட்டிலிருந்து பூனை வேறு கைக்குப் போகுமானால் இதேபோல் ஒரு நோட்டு கூடவே போகட்டும்.