மின்கடிதத்தில் வரும் ஒற்றன்

முற்காலத்தில் ஓர் அலுவலகத்தின் இரகசியத்தைக் கவர விரும்பியவர், அதனைக் காப்பவரை வசப்படுத்தவோ, பெட்டகத்தின் பூட்டை உடைக்கவோ வேண்டியிருந்தது. இக்காலத்தில் அவ்விரு வேலைகளையும் ஒரு மின்கடிதமே செய்துவிடுகிறது. இதற்கு ‘கோஸ்ட்நெட்’ என்னும் ஒற்று வலை தக்க சான்றாகும்.

2008-ஆம் ஆண்டில், தர்மசாலாவிலுள்ள தலாய் லாமாவின் அலுவலகம் தன் கணிப்பொறிகளின்மீது ஐயம் கொண்டது. வெளிநாட்டுத் தூதர் ஒருவருக்கு அவ்வலுவலகம் மின்கடிதத்தில் அழைப்பு விடுத்தது. பின்னர்த் தொலைபேசியில் பேசுமுன்னரே, அச்சந்திப்பைத் தவிர்க்குமாறு சீன அரசினர் அவரை எச்சரித்தனர் என ஆராய்ச்சி அறிக்கை கூறுகிறது.

ஒற்று நிகழும் முறை

அறிமுகமானவர் எழுதியதுபோல் ஒரு கடிதம் வரும். அதன் இணைப்பைத் திறந்ததும் எதிர்பார்த்த பத்திரமே திரையில் தோன்றுமாதலால் ஐயம் எழுவதில்லை. அதே கணத்தில் ஒரு சிறு நிரல் கணிப்பொறியினுள் குடிபுகுந்து, தொலைவிலுள்ள கட்டுப்பாட்டுக் கணிப்பொறியின் ஆணைக்குக் காத்திருக்கும். அதன்பின் கோப்புகளைக் கவரலாம். ஒலிவாங்கியையும் படக்கருவியையும் உரியவர் அறியாமல் இயக்கலாம். இத்தகைய பத்திரம் ஒன்றை 34 தடுப்பு நிரல்களைக் கொண்டு சோதித்தபோது, 11 மட்டுமே தீங்கினை இனங்கண்டன.

வெளிப்பட்ட விதம்

கனடா நாட்டு ஆராய்ச்சியாளர், தர்மசாலாவின் கணிப்பொறிகளிலிருந்து வெளிச்சென்ற செய்திகளைப் பதிவு செய்து, அவை சென்றடைந்த இடங்களை ஆராய்ந்தனர். ஒற்றரின் கட்டுப்பாட்டுப் பக்கங்களே காப்பின்றித் திறந்து கிடந்தன! 2009 மார்ச்சு 29-இல் அறிக்கை வெளியாயிற்று. 103 நாடுகளில் 1,295 கணிப்பொறிகள் வலையில் சிக்கியிருந்தன. இந்தியத் தூதரகங்களும் அவற்றுள் அடங்கும். கட்டுப்பாட்டுக் கணிப்பொறிகளுட் பெரும்பாலானவை சீனாவில் இருந்தன. எனினும், அது கொண்டே அவ்வரசைக் குற்றவாளியென அறிக்கை முடிவு செய்யவில்லை. சீனாவும் குற்றச்சாட்டை மறுத்தது. செய்தி சென்ற இடம் வேறு, அதனை ஏவியவர் வேறாக இருத்தல் கூடும் என்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தல் நலம்.

கவனிக்கத்தக்கவை

1. எதிர்பாராத இணைப்பைத் திறக்குமுன், அனுப்பியவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ கேட்டறிக.

2. இரகசியப் பத்திரங்களை இணையத்தோடு தொடர்பற்ற கணிப்பொறியில் வைத்தல் வேண்டும்.

3. தடுப்பு நிரல் உள்ளதென்று வாளாவிருத்தல் ஆகாது. வெளிச்செல்லும் செய்திகளையும் கண்காணித்தல் வேண்டும்.

4. ஐயம் தோன்றின் உடனே மேலலுவலர்க்குத் தெரிவிக்க. தவற்றை ஒப்புக்கொள்பவரைத் தண்டிக்கும் அலுவலகத்தில் அடுத்த தவறு மறைக்கப்படும். ஒற்றன் விரும்புவதும் அதுவே.