ஆறுதல் தரும் நாய்கள்

வீட்டைக் காத்தலும், வேட்டைக்குத் துணைபோதலும், ஆட்டு மந்தையை மேய்த்தலும் நாயின் தொழில்கள் என்பதை யாவரும் அறிவர். நோயுற்றோர்க்கும் தனிமையால் வாடுவோர்க்கும் அருகிருந்து ஆறுதல் அளிப்பதும் இன்று அதன் தொழில்களுள் ஒன்றாகிவிட்டது. 1944ஆம் ஆண்டில் நியூகினித் தீவில் கண்டெடுக்கப்பட்ட ‘ஸ்மோக்கி’ என்னும் பெண் நாய், 2 கிலோ எடையும் இல்லாதது. அதனை வளர்த்த அமெரிக்கப் போர்வீரர் வில்லியம் வின் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தபோது, நண்பர்கள் அதனை அவரிடம் கொண்டுவந்தனர். செவிலியர் அதன் இனிய இயல்பைக் கண்டு, காயமுற்ற வீரர்களிடமும் அதனை எடுத்துச் சென்றனர்.

பின்னர், நியூயார்க் நகரத்து உளநூல் அறிஞர் போரிஸ் லெவின்சன், எவரோடும் பழகாது ஒதுங்கியிருந்த சிறுவன் ஒருவன் தம் நாயாகிய ‘ஜிங்கிள்ஸ்’ உடன் விரும்பிப் பழகுவதைக் கண்டார். 1961ஆம் ஆண்டில் அறிஞர் அவையில் அவர் இதனை எடுத்துரைத்தபோது நகைத்தவரும் உண்டு. அந்நகைப்பு நெடுநாள் நிலைக்கவில்லை.

ஆயினும், ஓரிடத்தில் சிறந்த நாய் எல்லா இடத்திலும் சிறந்ததாகிவிடாது. மருத்துவமனையின் தரை வழவழப்பானது. நகம் பற்றாமல் கால் வழுக்கும். தள்ளுவண்டிகளின் ஓசை திடீரென எழும். மனிதரே மூக்கைச் சுளிக்கும் மருந்து நாற்றம், மோப்பத்தில் அவரைப் பன்மடங்கு விஞ்சிய நாய்க்கு எத்தகையதாக இருக்கும்! இவற்றைப் பொருட்படுத்தாத நாயே அங்குச் செல்லத் தக்கது. உயரமும் கருதத்தக்கதே. கட்டிலில் கிடப்பவர் கைநீட்டித் தடவுதற்குப் பெரிய நாயின் தலை எட்டும். சிறிய நாயையோ நாற்காலியில் அமர்த்திக் காட்டவேண்டும். துள்ளி முன்னங்கால்களைத் தூக்கிவைக்கும் நாய் முதியோரிடம் செல்லலாகாது. அவர்தம் மெல்லிய தோலை நகம் எளிதில் கிழித்துவிடும்.

அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில், பிள்ளைகள் நாயின் அருகமர்ந்து நூல் படிக்கும் முறை 1999ஆம் ஆண்டில் தோன்றியது. திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளையும் அதன்முன் நாணுவதில்லை; நாய் பிழை திருத்துவதுமில்லை, நகைப்பதுமில்லை. இப்பணிக்கு வேண்டுவது ஓடியாடும் நாயன்று. அசையாது படுத்திருக்கும் நாயே. காவலுக்கு உதவாத சோம்பல் இங்குப் பெருந்தகுதி ஆகிவிடுகின்றது!

தனக்குப் பொருந்திய இடம் எது என்பதை நாய் வாய்திறந்து கூற இயலாது; உடலே அதன் மொழி. உறக்கம் வாராதபோது கொட்டாவி விடுதல், மூக்கை அடிக்கடி நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், வெப்பமின்றியும் மூச்சிரைத்தல், வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குதல் ஆகியன அதன் மனக்கலக்கத்தைக் காட்டும் குறிப்புகள். இவற்றை உணராதார், ‘எவ்வளவு பொறுமையான நாய்!’ என்று பாராட்டி மேலும் நெருக்குவர், உறுமினால் அதட்டுவர். உறுமல் குற்றமன்று, அஃது எச்சரிக்கை. அதட்டி அதட்டி அடக்கப்பட்ட நாய், ஒருநாள் உறுமாமலே கடித்துவிடவும் கூடும். அப்போது துன்புறுவது நாய் மட்டுமன்று. ஆறுதல் நாடிய நோயாளியுமே ஆவார். மனம் பொருந்திய இடத்திலும் நாய் களைப்படையும். அதனாலேயே, ‘பெட் பார்ட்னர்ஸ்’ என்னும் அமெரிக்க அமைப்பு, நாளொன்றுக்கு 2 மணி நேரத்திற்குமேல் இப்பணியில் நாயை ஈடுபடுத்தலாகாது என விதித்துள்ளது.

அனுபவமுடையோர் முதல்நாளிலேயே நாயை நோயாளியிடம் கொண்டு செல்லார். ஆள்நடமாட்டம் குறைந்த வேளையில் கூடத்தில் சிறிது நடத்திவிட்டுத் திரும்புவர். மறுமுறை செல்லும்போது, வாயிலைக் கண்டதும் அது வாலாட்டி முன்னே விரைகின்றதா, பின்வாங்குகின்றதா என நோக்குவர். பின்வாங்கும் நாயை வேறொரு நாள் அமைதியான நூலகத்திற்கோ பள்ளியறைக்கோ அழைத்துச் சென்று பார்ப்பர். அங்கும் அதன் மனம் பொருந்தாவிடின், வீட்டிலேயே மகிழ்ந்திருக்க விட்டுவிடுவர்.