கடைசிக் கை உன்னுடையது

அன்புத் தங்கைக்கு,

விளக்கேற்றும் விழாப் படம் வந்து சேர்ந்தது. வெள்ளைச் சீருடையில் கையில் விளக்கோடு உன்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் முதல் நைட் டியூட்டி என்று எழுதியிருந்தாய். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். வீட்டில்கூட யாரிடமும் நான் முழுதாகச் சொல்லாத விஷயம் இது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஆண்கள் மெடிக்கல் வார்டு. ஒரு பெரியவருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் 16 யூனிட் இன்சுலின். போட்டவள் என் விடுதி அறைத்தோழி. இன்சுலின் குப்பியில் இரண்டு வகை உண்டு என்று படித்திருப்பாய். மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளதற்குச் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. அன்று ட்ரேயில் இரண்டும் கலந்து கிடந்தன. அவள் 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 16-ஆம் கோடு வரை இழுத்தாள். பெரியவர் உடம்புக்குள் போனது 40 யூனிட்.

நள்ளிரவில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. சர்க்கரை ரொம்ப இறங்கியிருந்தது. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி எப்படியோ மீட்டோம். விடிந்ததும் இன்சார்ஜ் சிஸ்டர் கேஸ் ஷீட்டை என் முன் வைத்தார். "ராத்திரி சாப்பிடலன்னு எழுது. நம்ம புள்ள வேலை போயிடக் கூடாது" என்றார். பெரியவருடைய மகள் அவருக்கு இரண்டு இட்லி ஊட்டிவிட்டதை நான் பார்த்திருந்தேன். பார்த்திருந்தும் எழுதினேன். பேனா பிடித்தது என் கை.

மூன்று வாரம் கழித்து, பக்கத்துப் பெண்கள் வார்டில் அதே குப்பி, அதே சிவப்பு மூடி. அங்கே மயங்கிய ஓர் அம்மா கண் விழித்தார், ஆனால் பேச்சு திரும்பவில்லை. நாங்கள் உள்ளதை எழுதியிருந்தால் யாராவது வந்து அந்த ட்ரேயைப் பார்த்திருப்பார்கள், ஊசிகளைப் பிரித்து வைத்திருப்பார்கள். தோழியைக் காப்பாற்றிய நிம்மதியில் தூங்கிக்கொண்டிருந்தோம். அந்த அம்மாவின் படுக்கையைக் கடக்கும்போதெல்லாம் நான் தலை குனிந்தே போனேன்.

மேலே இருப்பவர் சொன்னதும் செய்துவிடுவது எங்கள் வார்டுக்கு மட்டும் வந்த நோய் என்று நினைக்காதே. 1966-இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரவு டியூட்டியில் இருந்த 22 நர்சுகளுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து, தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டு, ஒரு நோயாளிக்கு 20 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொன்னார். டப்பாவின் மேலேயே அதிகபட்சம் 10 என்று அச்சிட்டிருந்தது. போனில் சொல்லும் ஆர்டருக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்பதும் விதி. அப்படியும் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு படுக்கையை நோக்கி நடந்தார்கள். வழியில் தடுத்து நிறுத்தினார்கள். மருந்தும் வெறும் சர்க்கரைதான். இதில் என்னை உலுக்குவது வேறொரு செய்தி. இதே நிலைமையை விவரித்து, "நீயானால் என்ன செய்வாய்?" என்று 21 நர்சிங் மாணவிகளிடம் தனியாகக் கேட்டார்கள். ஒருத்தி விடாமல் எல்லோரும், கொடுக்க மாட்டேன் என்றார்கள். நீயும் இன்று அப்படித்தான் சொல்வாய். நானும் சொல்லியிருப்பேன்.

1977-இல் இதே சோதனையைக் கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். நர்சுகளுக்குப் பழக்கமான மருந்து, பக்கத்தில் இருப்பவரிடம் கலந்து பேசவும் வழி. அப்போது 18 பேரில் 16 பேர் கொடுக்கவில்லை. அதனால் சந்தேகத்தை மனசுக்குள் புதைக்காதே. பக்கத்து வார்டில் இருப்பவளைக் கூப்பிட்டுக் கேள்.

வாய் திறந்தால் மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2005 மார்ச்சில் மார்ட்டின் ப்ரோமிலி என்ற விமானியின் மனைவி, சிறிய சைனஸ் அறுவைக்காகப் போனார். மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுக்குழாய் போட முடியவில்லை. அனுபவமுள்ள மூன்று டாக்டர்கள் குழாயைப் போடுவதிலேயே மும்முரமாக இருந்தார்கள். ஆக்சிஜன் இறங்கிக் கிடந்தது. ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் செட்டைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. இன்னொருவர் ஐ.சி.யூ. படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்தார். டாக்டர்கள் பார்த்த பார்வையில், தான்தான் பதறிவிட்டோமோ என்று அதை ரத்து செய்தார். 13 நாள் கழித்து அந்த அம்மா இறந்துபோனார். என்ன செய்ய வேண்டும் என்று அந்த நர்சுகளுக்குத் தெரிந்திருந்தது. அதை டாக்டர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அந்தக் கணவர் யாரையும் பழிவாங்கப் போகவில்லை. விமானத்தில் துணை விமானி கேப்டனைத் தடுத்துப் பேசப் பயிற்சி தருவதைப்போல மருத்துவமனையிலும் தர வேண்டும் என்று பாடுபட்டார்.

நீ விளக்கேந்திச் சொன்ன உறுதிமொழியை மறுபடி எடுத்துப் பார். 1893-இல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் எழுதப்பட்டது அது. டாக்டருக்கு விசுவாசமாக உதவுவேன் என்ற உறுதியும் அதில் உண்டு. தெரிந்தே கெடுதலான மருந்தைக் கொடுக்க மாட்டேன் என்ற உறுதியும் உண்டு. இரண்டும் மோதும் இரவு உனக்கு வரும். அன்று இரண்டாவதைப் பிடித்துக்கொள். ஆர்டர் எத்தனை பேரைக் கடந்து வந்தாலும், நோயாளியின் உடம்பைத் தொடும் கடைசிக் கை உன்னுடையது.

எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசு என்று நான் சொல்லவில்லை. இதயம் நின்றுபோன நோயாளியின் பக்கத்தில் டாக்டர் அட்ரினலின் கேட்டால், அந்த நொடியே கையில் இருக்க வேண்டும். சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் நில். போனில் வரும் ஆர்டரை எழுதிக்கொண்டு, திரும்ப வாசித்துக் காட்டு. "சார், லேபிள்ல 10-ன்னு இருக்கு, நீங்க 20 சொல்றீங்க, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று எண்ணோடு கேள். அதற்கும் கோபித்தால், "நான் போடல சார், நீங்களே வந்து போடுங்க" என்று சொல்லிவிட்டு பொறுப்பு டாக்டரான ஆர்.எம்.ஓ.வைக் கூப்பிடு. கண்ணாடி முன் நின்று இதைச் சத்தமாகச் சொல்லிப் பழகு. பழகாத வாய்க்கு அந்த நேரத்தில் வார்த்தை வராது. எனக்கு வரவில்லை.

ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் திட்டு விழும். வாயாடி என்பார்கள். உன் செட் பிள்ளைகளே, காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று சாப்பாட்டு மேஜையில் தள்ளி உட்காரலாம். அது வலிக்கும், அதை நான் மறைக்க மாட்டேன். தோழி தவறு செய்தால் அவள் பக்கத்தில் நின்று, சேர்ந்தே போய் உள்ளதைச் சொல்லுங்கள். நான் என் தோழிக்கு அதைச் செய்யவில்லை. அவள் அடுத்த வருடமே வேலையை விட்டுப் போனாள். இன்றும் என்னிடம் இன்சுலின் பற்றிப் பேசுவதில்லை.

முதல் இரவு டியூட்டிக்குப் போனதும், வேறெதற்கும் முன்னால் இன்சுலின் ட்ரேயைத் திறந்து பார். சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும் ஒன்றாகக் கிடந்தால், யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் பிரித்து வை.

அன்புடன்,
அக்கா