ஆறில் ஒன்று மட்டும் ஏன் விழவில்லை?

மாணவர்களே, முதலில் ஒரு புதிர். ஒரு ரிவால்வரில் ஆறு தோட்டாக்கள் இருந்தன. ஆறும் சுடப்பட்டுவிட்டன. உருளையை இடப்பக்கமாகத் திறந்து, துப்பாக்கியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து, உருளையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கோலை அழுத்தினால் காலியான ஆறு பித்தளை உறைகளும் கீழே விழ வேண்டும். ஐந்து விழுகின்றன. ஒன்று மட்டும் பாதி வெளியே வந்து அப்படியே நிற்கிறது. தோட்டா தரமானது, உருளையில் அழுக்கில்லை, கோலும் வளையவில்லை. பிறகு எது தடுக்கிறது?

பெரும்பாலும் யாரும் சந்தேகப்படாத ஒரு பகுதிதான்: கைப்பிடி. கையில் நன்றாகப் பொருந்தட்டும் என்று பின்னாளில் மாட்டிய தடித்த மர அல்லது ரப்பர்க் கைப்பிடி, வெளியே வரும் உறையின் பாதையில் குறுக்கே நிற்கிறது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ ஒரேயொரு தோட்டாவோ வைத்திருப்பதே கடுங்குற்றம். ஆகவே இந்தப் பாடத்தை நாம் நாணயங்களையும் அளவுகோலையும் வைத்துத்தான் படிக்கப் போகிறோம். அதுவே போதும்.

உங்களிடம் ஏழு 20 சென் நாணயங்கள் இருக்கின்றனவா? ஒன்றை நடுவில் வையுங்கள். மற்ற ஆறையும் அதைச் சுற்றித் தொட்டபடி வையுங்கள். இடைவெளியே இல்லாமல் சரியாகப் பொருந்தும். ஒழுங்கான அறுகோணத்தில் பக்கத்தின் நீளமும், மையத்திலிருந்து முனைவரை உள்ள தூரமும் சமம் என்பதுதான் காரணம். ஆறு அறைகள் கொண்ட உருளையின் அமைப்பும் இதுவே. நடு நாணயத்தின் இடத்தில் தள்ளுகோல் ஓடுகிறது. சுற்றியுள்ள ஆறும் தோட்டாக்கள்.

இப்போது உண்மையான அளவுகளுக்கு வருவோம். உலகில் மிகப் பரவலான ரிவால்வர் தோட்டா வகைகளில் ஒன்று .38 ஸ்பெஷல். அதன் உறை ஏறக்குறைய 29.3 மி.மீ. நீளம். உறையின் அடியில் சற்றே அகன்ற விளிம்பு ஒன்று உண்டு. அதன் விட்டம் 11.2 மி.மீ. கோலின் மறுமுனையில் இருக்கும் நட்சத்திர வடிவத் தகடு இந்த விளிம்பைப் பிடித்துத்தான் உறையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஆறு விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அமர வேண்டுமானால், உருளையின் மையத்துக்கும் ஒவ்வோர் உறையின் மையத்துக்கும் இடையே குறைந்தது 11.2 மி.மீ. தூரம் வேண்டும். அதோடு விளிம்பின் ஆரமான 5.6 மி.மீ. சேர்த்தால் 16.8 மி.மீ. அதாவது, திறந்த உருளைக்குப் பின்னால் 16.8 மி.மீ. ஆரமும் 29.3 மி.மீ. நீளமும் கொண்ட ஓர் உருளை வடிவ வெற்றிடம் இருந்தே ஆக வேண்டும். இது குறைந்தபட்சக் கணக்கு. உண்மையில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். அந்த வெற்றிடத்துக்குள் எது மூக்கை நுழைத்தாலும் ஓர் உறை அதில் முட்டும். துப்பாக்கியின் உடலுக்கு மிக அருகே இருக்கும் உறைதான் மாட்டிக்கொள்ளும். அதன் நேர் பின்னால்தான் இடப்பக்கக் கைப்பிடிப் பலகையின் மேல்முனை இருக்கிறது.

அப்படியானால் கைப்பிடியை ஏன் பெரிதாக்குகிறார்கள்? படிவம் நான்கில் படிக்கும் உந்தம் இங்கே வருகிறது. .38 ஸ்பெஷல் குண்டின் எடை ஏறக்குறைய 10 கிராம், வேகம் நொடிக்கு 230 மீட்டர் என்று கொள்வோம். உந்தம் 0.010 × 230 = 2.3 கி.கி. மீ./நொடி. துப்பாக்கியின் எடை 0.9 கிலோ என்றால், அது நொடிக்கு ஏறக்குறைய 2.5 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிக் கையில் வந்து மோதும். (வெளியேறும் வாயுவின் உந்தத்தை இங்கே விட்டுவிட்டோம், அதையும் சேர்த்தால் உதைப்பு இன்னும் கூடும்.) அந்த விசை அகன்ற பரப்பில் பரவினால் உள்ளங்கையில் அழுத்தம் குறையும். ஆகவே பெரிய கைப்பிடி வீண் அலங்காரம் அல்ல. ஒரு சிக்கலைத் தீர்க்க வந்தது வேறொரு சிக்கலைக் கூட்டி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

உறை வெளியே வராததற்கு வேறு காரணங்களும் உண்டு. சுடும்போது .38 ஸ்பெஷல் தோட்டாவுக்குள் அழுத்தம் 117 மெகாபாஸ்கல் வரை போகலாம். நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். அந்த நொடியில் பித்தளை உறை உப்பி, அறையின் எஃகுச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் தன் மீள்தன்மையால் மயிரிழை அளவு சுருங்கிச் சுவரைவிட்டு விலகுகிறது. 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளையை இதற்குத் தேர்ந்தெடுத்ததன் அழகே இதுதான்: கிழியாமல் நீள்கிறது, போதிய அளவு மீள்கிறது. அழுத்தம் வரம்பு மீறினால் எஃகுச் சுவரே கூடுதலாக விரிந்து, திரும்பி வரும்போது உறையை இறுகப் பிடித்துக்கொள்ளும். அறைச் சுவரில் கரி படிந்திருந்தாலும் உறை சிக்கும்.

ஆக, ஐயத்துக்கு இடமானவை இரண்டு: அறை, கைப்பிடி. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. துப்பாக்கி பழுதுபார்க்கும் கைவினைஞர் அரத்தைக் கையில் எடுக்குமுன் ஒரு சோதனை செய்யலாம். உருளையின் அறைகளுக்கு 1 முதல் 6 வரை எண் இட்டுக்கொள்கிறார். வெற்றுறைகளைத் தள்ளிப் பார்க்கிறார். 3ஆம் அறையில் உள்ளது சிக்குகிறது. உடனே 3ஆம் அறைமீது பழி போடுவதில்லை. உறைகளை மறுபடி போட்டு, திறந்த உருளையை ஓர் அறை அளவு சுழற்றிவிட்டு மீண்டும் தள்ளுகிறார். இப்போதும் 3ஆம் அறையிலேயே சிக்கினால், அதன் சுவரில் கோளாறு. மாறாக, துப்பாக்கியின் உடலுக்கு அருகே புதிதாக வந்து நிற்கும் அறையில் சிக்கினால், அறைகள் குற்றமற்றவை. தடை அந்த இடத்தில் இருக்கிறது. கைப்பிடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை தள்ளினால் ஐயம் முழுதும் தீரும். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்று அறிவியல் கூடத்தில் உங்கள் ஆசிரியர் சொல்வதும் இதைத்தானே!

தடை எங்கே என்று தெரிந்தபின் எவ்வளவு செதுக்குவது? மரத்தில் எந்த இடம் இடிக்கிறது என்பதை மரமே காட்டும். பித்தளை உரசிய மஞ்சள் கோடு அதில் தெரியும். தெரியாவிட்டால் உறையின் விளிம்பில் சாக்கு அல்லது மை தடவித் தள்ளினால், தொடும் இடத்தில் தடம் விழும். ஆர்.பி.டி. பட்டறையில் இரண்டு பாகங்களைப் பொருத்தும்போதும் நீங்கள் இந்த உத்தியைப் பயன்படுத்தலாம். தடம் விழுந்த இடத்தில் அரைவட்ட அரத்தால் கொஞ்சம் தேய்ப்பது, மாட்டிப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. அவசரப்பட்டுக் கூடுதலாகத் தேய்த்தால் பலகை மெலிந்து, சுடும்போது வரும் உதைப்பில் பிளந்துவிடும். தேய்த்த இடத்துக்கு எண்ணெய் அல்லது மெருகு பூசாமல் விடக்கூடாது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் இழைக்குக் குறுக்காக உப்பும், நம்முடைய ஈரக் காற்றில் சொல்லவே வேண்டாம். ரப்பருக்கு இந்த வைத்தியம் சரிவராது. அரம் பட்டால் அது சீராகத் தேயாமல் இழுபட்டுப் பிய்யும். மேல்முனையில் முன்கூட்டியே பள்ளம் விட்டு வார்த்த கைப்பிடியை வாங்கி மாட்டுவதே நல்லது.

தயாரிப்பாளர்களும் இதைக் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் தன் பெரிய மரக் கைப்பிடிகளின் இடப்பலகையில் நீள்வட்டமாக ஒரு பள்ளம் குடைந்து விற்றது. அமெரிக்கக் கால்பந்தைப்போல் இருந்ததால் சேகரிப்பாளர்கள் அதற்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஒரே ஓர் உறைக்காக இத்தனை பாடா என்று கேட்கலாம். 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹால் என்ற இடத்தில், சில நிமிடங்களுக்குள் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரிகள் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர், காலியான தம் ரிவால்வரில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். அதன்பின் அத்துறை, ஆறு தோட்டாக்களையும் ஒரே மூச்சில் நிரப்பும் வட்டக் கருவியைத் தன் அதிகாரிகளுக்குக் கொடுத்தது. அந்தக் கருவியும் உருளையின் பின்புறமாகத்தான் வர வேண்டும். அதே கைப்பிடி முனையில்தான் அதுவும் இடிக்கும். பாதியில் நின்ற உறை சில வேளைகளில் இன்னும் மோசமான வேலை செய்யும். அதன் விளிம்பு நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் நழுவிவிட்டால் உருளையை மூடவே முடியாது.

எல்லா ரிவால்வர்களுக்கும் இந்த நோய் இல்லை என்பது வியப்பான செய்தி. முன்னாளில் சிங்கப்பூர்க் காவலர்கள் வைத்திருந்த பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வர், பக்கவாட்டில் திறக்காது, நடுவில் மடியும். குழலும் உருளையும் சேர்ந்து முன்பக்கம் கவிழ, அறைகளின் பின்புறம் மேல்நோக்கித் திரும்பும். உறைகள் ஆறும் கைப்பிடியை விட்டு விலகி மேலே எழும். அங்கே கைப்பிடி எவ்வளவு தடித்திருந்தாலும் உறையின் வழிக்கு வராது. ஆனால் நடுவில் மடியும் கீல், உடைபடாத முழுச்சட்டம் போல் வலுவாக இராது. அழுத்தம் மிகுந்த தோட்டாக்கள் வந்தபோது பக்கவாட்டில் திறக்கும் வகையே வென்றது.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. அறுகோணத்துக்குப் பதிலாக ஐங்கோணம்: அதே 11.2 மி.மீ. விளிம்பு, ஆனால் ஐந்தே அறைகள். மையத்திலிருந்து விளிம்பின் வெளி ஓரம்வரை குறைந்தபட்ச தூரம் எவ்வளவு? ஐங்கோணத்தின் மையத்தில் ஒரு பக்கம் 72 பாகைக் கோணத்தை அமைக்கும்; அதைப் பாதியாக்கி, சைன் 36° = 0.588 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 15.1 மி.மீ. வந்தால் உங்கள் விடை சரி. ஓர் அறையைக் குறைத்ததில் கிடைத்த இலாபம் 1.7 மி.மீ.