கைமாறும் காரும் உத்தரவாதமும்

மாடு பிடிக்கச் சந்தைக்குச் செல்லும் நாம், பல்லைப் பார்க்கிறோம். நடக்க விட்டுப் பார்க்கிறோம். விற்பவர் செய்யும் சத்தியத்தை அதற்குப் பின்னரே கேட்கிறோம். பழைய மோட்டார் கார் வாங்குமிடத்தில் மட்டும் இம்முறை தலைகீழாகி விடுகிறது. “ஆறு மாத வாரண்டி உண்டு” என்ற சொல் காதில் விழுந்ததும், நம்மிற் பலர் எஞ்சினைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிடுகின்றனர். பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் கைமாறும் காரியம் இது. ஆகையால் இயந்திரத்தையும் உத்தரவாதத்தையும் தனித்தனியே எடைபோடுதல் உசிதம்.

வண்டியைக் காண அதிகாலையிலேயே செல்வது நலம். நாம் வருமுன் ஓட்டிச் சூடேற்றப்பட்ட எஞ்சின் தன் நோயை மறைத்துக்கொள்ளும். பானட்டின்மேல் கைவைத்து, அது குளிர்ந்திருந்தால் மட்டுமே கிளப்பச் சொல்ல வேண்டும். நீலப் புகை இடைவிடாது வருமாயின் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பின்னரும் அடர்ந்த வெண்புகை நில்லாவிடில், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதெனச் சந்தேகிக்கலாம். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி போன்ற நுரை படிந்திருப்பதும் அத்தகைய அறிகுறியே. குறுகிய தூரமே ஓடும் வண்டியிலும் இது சிறிது காணப்படுமாதலால், மெக்கானிக்கிடம் காட்டித் தெளிவது நன்று. மீட்டர் குறைந்த தூரத்தைக் காட்ட, பெடல் ரப்பரோ வழவழவெனத் தேய்ந்திருந்தால், சர்வீஸ் பதிவேட்டைப் பார்க்காமல் மேலே பேச வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அத்தகைய வண்டி மெருகேற்றப்பட்டு வெளியூரில் விலைக்கு வருவதுண்டு. இருக்கை வாரைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியக்கூடும். மின்கம்பிகளில் ஏறிய ஈரம் பல மாதங்கள் கழித்தும் தொல்லை தரும். வாரண்டி அதற்குள் முடிந்திருக்கும்.

இனி அந்த வாரண்டியைப் பார்ப்போம். தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் முதல் விற்பனையிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஆண்டு, கிலோமீட்டர் இரண்டில் எது முந்துகிறதோ அதனோடு தீர்கிறது. மீதமிருப்பது நமக்குச் செல்லுமா என்பதை, கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விசாரிக்கலாம். வியாபாரி தரும் உத்தரவாதமோ பெரும்பாலும் எஞ்சின், கியர்பெட்டி இவற்றோடு நின்றுவிடும். கிளட்ச் தட்டு, பிரேக், டயர், பேட்டரி ஆகிய தேயும் பொருள்களுக்கு அதில் இடமிராது. பழைய வண்டியில் முதலில் செலவு வைப்பவை அவையே! பழுது எந்த ஊரில் பார்க்கப்படும், கூலி யாருடையது, தொகைக்கு உச்சவரம்பு உண்டா என்பவற்றையும் படித்தறிய வேண்டும். “வாரண்டி வேண்டாம், விலை என்ன?” என்று கேட்டுப் பார்ப்பது நாம் விரும்பும் வழி. வியாபாரி 15,000 ரூபாய் குறைப்பாராயின், அந்தக் காகிதத்தின் விலை அதுவே. கிளட்ச் மாற்ற அத்தொகை கையில் இருப்பது சில வேளைகளில் மேல்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆம் பிரிவில், வியாபாரி விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டுமென்கிறது. ஆயினும் வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையில் புலப்பட்டிருக்க வேண்டிய குறைக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. அரைகுறையாகப் பார்ப்பது இவ்வகையிலும் நஷ்டமே. விற்பவரோடு தொடர்பற்ற மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லலாம். அவர் கண்ட குறைகளையும், விற்பவர் சரிசெய்து தர ஒப்புக்கொண்டவற்றையும் ஒரு தாளில் எழுதி, முன்பணம் கொடுக்குமுன் கையொப்பம் பெற வேண்டும்.