குத்துவிளக்குக்கு ஓர் அனுமதி

அன்புத் தங்கைக்கு,

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வருடமே இந்திய மாணவர் சங்கத்தின் செயலாளர் ஆகிவிட்டாய். தீபாவளி விழா உன் பொறுப்பு. அரங்கு கிடைத்துவிட்டது, நடனக் குழுக்கள் பெயர் கொடுத்துவிட்டன, சாப்பாட்டுக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. குத்துவிளக்கு ஏற்றித்தான் விழாவைத் தொடங்க வேண்டும் என்பது உன் ஆசை. அதற்குத் தீப் பாதுகாப்பு அலுவலகத்தில் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்று அரங்கு நிர்வாகம் சொன்னதும் உனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஐந்து திரிக்கு ஐந்து பக்கப் படிவமா என்று கேட்டிருந்தாய்.

அந்தப் படிவம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு விபத்து இருக்கிறது.

டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக மாணவர்கள், டெக்சஸ் பல்கலைக்கழக அணியுடன் ஆண்டுதோறும் நடக்கும் அமெரிக்கக் கால்பந்துப் போட்டிக்கு முன்பாக மரங்களை அடுக்கி எரிப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. நம் ஊர்க் கோவில் வாசலில் கார்த்திகைக்குக் கொளுத்தும் சொக்கப்பனையைப் பல மடங்கு பெரிதாக நினைத்துப் பார். 1999 நவம்பர் 18 அதிகாலையில், ஏறத்தாழ 5,000 மரங்களைக் கொண்டு எழும்பிக்கொண்டிருந்த அந்த அடுக்கு சரிந்து விழுந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். அப்போது தீக்குச்சிகூடக் கிழிக்கப்படவில்லை. பல்கலைக்கழகம் விதித்திருந்த உயர வரம்பு 55 அடி. சரிந்தபோது அடுக்கின் உயரம் 59 அடி. கட்டும் முறையை மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு வாய்மொழியாகவே சொல்லிக் கொடுத்து வந்தார்கள். பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட எழுத்து வடிவ வரைபடம் எதுவும் கிடையாது. விசாரணைக் குழு குறிப்பிட்டுச் சொன்ன குறைகளில் இது முக்கியமானது. பொறியியல் கல்விக்குப் பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில்தான் இது நடந்தது. அதன் பிறகு வளாகத்துக்குள் அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை.

அனுமதி விண்ணப்பத்தின் அடிப்படை வேலை இங்கே புரியும். விழாவில் உணர்ச்சிவசப்படாத ஒருவர், விழாவுக்கு முன்பே, அதை எழுத்தில் பார்த்துக் கேள்வி கேட்கிறார். அவருடைய கேள்விகளைச் சுருக்கினால் மூன்று: எது எரியும், எத்தனை பேர் வருவார்கள், எப்படி வெளியேறுவார்கள்?

இந்த மூன்றையும் கேட்காமல் விட்டதன் விலையை ரோட் ஐலண்ட் மாநிலத்தின் வெஸ்ட் வார்விக் நகரம் 2003 பிப்ரவரி 20 இரவு கண்டது. ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் இசைக்குழு மேடையேறியதும் தீப்பொறி வாணங்களைப் பற்றவைத்தார்கள். அதற்கு வாங்க வேண்டிய அனுமதியை யாரும் வாங்கவில்லை. மேடையைச் சுற்றிச் சுவரில், சத்தத்தைக் குறைப்பதற்காக ஒட்டியிருந்த ஃபோம் தீப்பிடித்தது. கூட்டம் தான் நுழைந்த முன்வாசலை நோக்கியே பாய்ந்து, அங்கேயே நெருக்கியடித்துச் சிக்கிக்கொண்டது. 100 பேர் இறந்தார்கள். அனுமதி கேட்டிருந்தால், ஆய்வுக்கு வருகிறவர் முதலில் தட்டிப் பார்க்க வேண்டியது அந்தச் சுவரைத்தான். அதனால்தான் உன் படிவத்திலும் மேடைத் திரை என்ன துணி, தீப்பற்றாத பூச்சு பூசியதற்குச் சான்று உண்டா என்று கேட்கிறார்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் சர்வதேசத் தீ விதித்தொகுப்பை ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன. அதன் கணக்கில், நாற்காலி மட்டும் போட்டால் ஓர் ஆளுக்கு 7 சதுர அடி. மேசையும் போட்டால் 15 சதுர அடி. 2,100 சதுர அடி கூடத்தில் நாட்டியம் பார்க்க 300 பேர் உட்காரலாம். அதே கூடத்தில் மேசை போட்டு விருந்து வைத்தால் 140 பேர்தான். ஆகவே இருக்கை வரைபடத்தை மாற்றினால் அனுமதியும் மாறும். கூட்டம் 500 பேரைத் தாண்டினால் குறைந்தது மூன்று வெளியேறும் வழிகள் வேண்டும், 1,000 பேரைத் தாண்டினால் நான்கு. பெரிய கூட்டங்களுக்கு 250 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற கூட்ட மேலாளர்களையும் கேட்பார்கள். உங்கள் தன்னார்வலர்களே அந்தப் பயிற்சியை எடுத்துக்கொள்ள முடியும். வரப்போகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைத்து மட்டும் எழுதிவிடாதே. 400 பேர் வரும் விழாவுக்கு 200 என்று எழுதினால், அந்த அனுமதி மீதி 200 பேரைக் காப்பாற்றாது.

வெளியே புல்வெளியில் உணவுக் கடை போடுவதாக இருந்தால் அது வேறு கணக்கு. 400 சதுர அடிக்கு மேற்பட்ட டென்டுக்குப் பொதுவாகத் தனி அனுமதி தேவை. சமைக்கும் டென்ட் மற்ற டென்டுகளிலிருந்து 20 அடியாவது தள்ளி நிற்க வேண்டும், ஜெனரேட்டரும் அப்படியே. தோசைக்கல் வைக்கும் இடத்தில் எண்ணெய்த் தீக்கு உரிய தீயணைப்பான் எது என்று அலுவலகத்திலேயே கேட்டு வாங்கிவை. கொதிக்கும் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது என்பதைக் கடையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடு.

நடனக் குழு கேட்ட புகை இயந்திரத்தை நீ சின்ன விஷயம் என்று நினைத்திருப்பாய். அந்தப் புகை கூரையில் உள்ள உணர்கருவியை எழுப்பிவிடும். சிலர் அதற்குப் பயந்து கருவியின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டுவது உண்டு. அது ஆபத்து, விதிமீறலும் ஆகும். முறைப்படி சொன்னால், அலுவலகமே அந்தப் பகுதியின் கருவியைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, அது மீண்டும் இயங்கும்வரை காவலுக்கு ஓர் ஆளை வைக்கும். பொய் அலாரம் எவ்வளவு கேடு என்பதற்கு நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகம் சாட்சி. 2000 ஜனவரி 19 அதிகாலையில் அங்குள்ள விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. அதற்கு முன் அடிக்கடி பொய் அலாரம் அடித்துப் பழகியிருந்ததால், பல மாணவர்கள் உடனே எழுந்து வெளியேறவில்லை. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டே நியூ ஜெர்சி, மாணவர் விடுதிகளில் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்று சட்டம் இயற்றியது.

அடுத்து ஹோலியும் உங்கள் சங்கத்தின் பொறுப்பில்தான் வரும். வண்ணப் பொடியில் நெருப்பு எங்கே இருக்கிறது என்று தோன்றும். தைவானின் ஃபார்மோசா ஃபன் கோஸ்ட் நீர்விளையாட்டுப் பூங்காவில் 2015 ஜூன் 27 அன்று, மேடையிலிருந்து கூட்டத்தின் மேல் வீசிய வண்ணச் சோளமாவு காற்றிலேயே பற்றிக்கொண்டது. 15 பேர் இறந்தார்கள், சுமார் 500 பேர் காயமடைந்தார்கள். நுண்ணிய மாவு காற்றில் மேகம்போல் பரவும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஆக்சிஜன் இருக்கிறது. சூடான ஒரு விளக்கோ பொறியோ போதும். பொடியைத் திறந்த வெளியில் கையால் பூசலாம். ஊதுகருவியால் பீய்ச்சக் கூடாது.

இனி நடைமுறை. யாரிடம் விண்ணப்பிப்பது என்பதை முதலில் தெரிந்துகொள். கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் வளாகத்துக்கென்றே ஃபயர் மார்ஷல் இருக்கிறார். வேறு பல இடங்களில் நகரத் தீயணைப்புத் துறையின் கையெழுத்தும் வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே விண்ணப்பம் கேட்கின்றன. டென்ட், வாணவேடிக்கை போன்றவற்றுக்கு இன்னும் அதிக நாள் ஆகும். அரங்கின் அளவுப்படம் ஒன்றை வரைந்து, மேடை, நாற்காலி வரிசைகள், நடைவழி, வாசல்கள், குத்துவிளக்கு நிற்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துக் கொடு. விளக்கின் அடியில் மணல் பரப்பிய தாம்பாளம், திரைச்சீலையிலிருந்து அதற்குள்ள தூரம், பக்கத்தில் தீயணைப்பானுடன் நிற்பவரின் பெயர், எத்தனை நிமிடத்தில் அணைக்கப்படும் என்பது, இவற்றை நீயே எழுதிவிட்டால் பாதிக் கேள்விகள் குறைந்துவிடும். திரியை ஏற்றுகிறவர் பட்டுப்புடவை உடுத்தியிருந்தால் முந்தானையைச் செருகிக்கொள்ளச் சொல்.

திறந்த தீபத்துக்கு அனுமதி மறுத்தால் மனம் உடைந்துவிடாதே. அரங்கத்துக்கு வெளியே, வாசலை அடைக்காத இடத்தில் ஏற்றலாமா என்று கேள். உள்ளே பேட்டரி அகல்களை வைத்துக்கொள். மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கினால், அடுத்த முறை வேறு அரங்கைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

விழா அன்று கதவைத் திறப்பதற்கு அரைமணி நேரம் முன்னதாக, அனுமதித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா அவசர வாசல்களையும் நீயே தள்ளித் திறந்து பார். நாற்காலியோ, அலங்காரப் பெட்டியோ, செருப்புக் குவியலோ வழியை மறித்தால் உடனே அகற்றச் சொல். நிகழ்ச்சி தொடங்கும்போது வாசல்கள் எங்கே இருக்கின்றன என்று தொகுப்பாளர் மேடையிலிருந்து அறிவிக்கட்டும். விழா முடிந்த மறுநாள் வரைபடம், படிவம், அலுவலர் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்துவிடு. அடுத்த வருடம் உன் இடத்துக்கு வருகிறவருக்கு அதை வாயால் சொல்லாமல் கையில் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்